“வாட்ஸ்அப் போயிருச்சுய்யா”: வீட்டுப் பெரியவர்களின் போனைச் சரிசெய்யும் வழி

கோவில்பட்டி வீட்டுக்குப் போய்ப் பையை இறக்கி வைத்த அரைமணி நேரத்தில் கூடத்து மேசை மேல் மூன்று போன்கள் வந்து சேர்ந்துவிடும். அம்மாவுடையது, அப்பாவுடையது, இரண்டு தெரு தள்ளி இருக்கும் அத்தையுடையது. பொங்கலுக்குப் போனால் பக்கத்து வீட்டு ஆச்சியின் போனும் சேர்ந்துகொள்ளும். எட்டு வருடமாக இப்படித்தான். திரும்பத் திரும்ப வரும் பழுதுகள் பத்துக்குள் அடங்கிவிடும் என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது.

பழுதைக் காட்டிலும் அதைச் சொல்லும் வார்த்தைதான் நம்மை அலையவிடும். “போயிருச்சு” என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து வேறு பழுதுகள் இருக்கும். அதனால் இந்தக் குறிப்பை அவர்கள் சொல்லும் வார்த்தைகளை வைத்தே பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், கடைக்குக் கொண்டுபோக வேண்டியது கடைசியில். மெனுப் பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். ஆண்ட்ராய்டு போனை வைத்துத்தான் சொல்கிறேன்.

எந்தப் போனைத் தொடுவதற்கு முன்பும் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது சரியாக இருந்தது? அதற்கு அப்புறம் என்ன மாறியது: புதுக் கவர் போட்டீர்களா, ரீசார்ஜ் முடிந்ததா, யாராவது கையில் வாங்கிப் பார்த்தார்களா? மூன்றாவதாக, “எப்படிச் செஞ்சீங்களோ அதே மாதிரி என் முன்னாடி செஞ்சு காட்டுங்க.” போனை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பாதிப் பழுது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

## “வாட்ஸ்அப் போயிருச்சு”

முதலில் ஒன்று: வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டுத் திரும்பப் போடாதீர்கள். பேக்கப் இருக்கிறதா என்று பார்க்காமல் நீக்கினால், உண்மையாகவே போய்விடும். செயலி திறக்கிறது என்றால் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய் கடைசி பேக்கப் எந்தத் தேதியில் நடந்தது, எந்தக் கூகுள் கணக்கில் நடந்தது என்று இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கீழே உள்ளதில் எது என்று பாருங்கள்.

### படமே காணோம் என்றால்

முகப்புத் திரையிலிருந்த பச்சைச் சின்னத்தைத் தெரியாமல் இழுத்துத் தள்ளியிருப்பார்கள். செயலி எங்கும் போகவில்லை. திரையைக் கீழிருந்து மேலே தள்ளினால் எல்லாச் செயலிகளும் வரும். அங்கே வாட்ஸ்அப்பை அழுத்திப் பிடித்து முகப்புக்கு இழுத்துவிட்டால் போதும். பல போன்களில் முகப்புத் திரையைப் பூட்டி வைக்கும் வசதி, ஹோம் ஸ்கிரீன் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு வந்த பிறகு அம்மாவிடமிருந்து இந்தப் புகார் ஒருமுறைகூட வரவில்லை.

### திறக்கிறது, ஒரு குறிப்பிட்ட ஆளின் பேச்சு மட்டும் இல்லை என்றால்

ஆர்க்கைவில் போயிருக்கும். பட்டியலின் மேலே ஆர்க்கைவ்ட் என்ற வரி இருக்கும், அதற்குள் பாருங்கள். சாட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்கும்போது விரல் மேலே உள்ள சின்னத்தில் பட்டிருக்கும்.

### “திறந்தாத்தான் மெசேஜ் வருது” என்றால்

பேட்டரி சேவர் ஆனில் இருக்கும். அதை அணைத்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸ்அப், பேட்டரி என்று போய் கட்டுப்பாடு இல்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் பின்னணி டேட்டாவுக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

### அப்டேட் செய்யச் சொல்கிறது, அப்டேட்டும் ஏறவில்லை என்றால்

போனின் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுக்கத் தீர்ந்து மறுபடி உயிர் வந்த பழைய போன்களில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதியும் நேரமும் தானாக அமையும்படி வைத்தால் தீர்ந்தது. தேதி சரியாக இருக்கிறதென்றால், போனில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இருக்கிறதென்றால், ஆண்ட்ராய்டு பதிப்பைப் பாருங்கள். 2025 ஜனவரியிலிருந்து ஆண்ட்ராய்டு 5க்குக் கீழே வாட்ஸ்அப் ஓடாது. அந்தப் போனுக்கு எந்தக் கடையிலும் வைத்தியம் இல்லை, காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

### நம்பர் கேட்கிறது, பழைய பேச்சு ஒன்றுமே இல்லை என்றால்

இங்கே நிதானம் வேண்டும். “யாராவது ஆறு இலக்க நம்பர் ஒண்ணு கேட்டாங்களா?” என்று மெதுவாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் வேறு யாரோ அந்த எண்ணில் உள்ளே போயிருக்கிறார்கள். உடனே அதே எண்ணைப் போட்டு, எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டைக் கொடுத்து உள்ளே நுழையுங்கள். அந்த ஆள் தானாக வெளியேற்றப்படுவார். இரண்டாவதாக ஒரு பின் (ரகசிய எண்) கேட்டு, அதை நீங்கள் வைக்கவில்லை என்றால் அவர் வைத்திருக்கிறார். 7 நாள் காத்திருந்தால் அந்தப் பின் இல்லாமலே உள்ளே போக முடியும். அதற்குள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, “அத்தை பேரில் காசு கேட்டு மெசேஜ் வந்தால் அனுப்பாதீர்கள்” என்று சொல்லிவிடுங்கள். திரும்பக் கிடைத்ததும் அந்த இரண்டாவது பின்னைக் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை நீங்களே போட்டு, பின்னை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள்.

யாரும் கேட்கவில்லை, புதுப் போன் அல்லது ரீசெட் ஆன போன் என்றால், எண்ணைக் கொடுத்ததும் ரீஸ்டோர் செய்யவா என்று கேட்கும். அதில் ஸ்கிப் அழுத்தாதீர்கள். பேக்கப் எந்தக் கூகுள் கணக்கில் இருந்ததோ அதே கணக்கு போனில் இருந்தால்தான் அந்தக் கேள்வியே வரும். வரவில்லை என்றால் பழைய மின்னஞ்சல் எது என்று தேடுங்கள். போன் வாங்கிய கடைக்காரரே ஒரு கணக்கை உருவாக்கிக் கொடுத்திருப்பார். பெட்டியின் உள்மூடியில் அந்த முகவரியும் கடவுச்சொல்லும் எழுதியிருக்கும். இரண்டு வீடுகளில் நான் அங்கேதான் கண்டுபிடித்தேன்.

## “இடம் இல்லேங்குது”

போன் மெதுவாக ஓடுவது, கேமரா எடுக்க மறுப்பது, அப்டேட் ஏறாதது எல்லாம் இதிலிருந்து வருபவைதான். இரண்டு மூன்று ஜிபியாவது காலியாக இல்லாவிட்டால் போன் மூச்சு வாங்கும்.

அத்தையின் போனில் இந்த எச்சரிக்கை வந்தபோது நான் ஊரில் இல்லை. பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். பத்து நிமிடத்தில், “சரியாயிருச்சும்மா” என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். முழுதாக ரீசெட் செய்திருந்தார்கள். மாமா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் அனுப்பிய குரல் செய்திகள் அந்தப் போனில் மட்டும்தான் இருந்தன. “சந்தைக்கு வந்துட்டேன், முருங்கைக்காய் வாங்கவா?” என்பது மாதிரிச் சின்னச் சின்னப் பேச்சுகள். பேக்கப்பும் இல்லை. நான் என்னென்னவோ செய்து பார்த்தேன், ஒன்றும் மீளவில்லை. அன்றிலிருந்து நான் யாருடைய போனில் இடம் ஒழித்தாலும் முதலில் கேட்பது, “இதுல போனா வருத்தப்படுற மாதிரி என்ன இருக்கு?” என்பதைத்தான். அவர்கள் காட்டுவதை மட்டும் முதலில் ஒரு பென் டிரைவிலோ என் மடிக்கணினியிலோ எடுத்து வைத்துவிடுவேன். குரல் செய்திகள் வாட்ஸ்அப்பின் மீடியா கோப்புறையில் தனியாக இருக்கும். அந்தக் கோப்புறையை மொத்தமாக நகலெடுத்தால் போதும்.

அப்புறம் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் குப்பைத்தொட்டி. கேலரியிலும் கூகுள் போட்டோஸிலும் கோப்புச் செயலியிலும் தனித்தனியாக ஒன்று இருக்கிறது. அழித்த படம் அங்கே ஒரு மாதம், சிலதில் இரண்டு மாதம்வரை கிடக்கும். அதைக் காலி செய்யாமல் எத்தனை அழித்தாலும் இடம் வராது.

இரண்டாவது வாட்ஸ்அப். செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ். அங்கே பலமுறை பார்வர்டு ஆனவை ஒரு பக்கமும் 5 எம்பிக்கு மேலானவை ஒரு பக்கமும் வாட்ஸ்அப்பே பிரித்து வைத்திருக்கும். காலை வணக்கத் தாமரை, விளக்கு, வெள்ளிக்கிழமை அம்மன், ஏகாதசிப் பெருமாள் எல்லாம் முதல் பிரிவில் கிடக்கும். அம்மாவிடம் காட்டிவிட்டே அழியுங்கள். “அந்தத் திருச்செந்தூர் முருகன் மட்டும் இருக்கட்டும்” என்பார்கள். இருக்கட்டும். அந்தப் படத்துக்கு மேலே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடலாம்.

அடுத்த மாதம் மறுபடி நிறையாமல் இருக்க, அதே ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் தானாக இறங்கும் பட்டியலைத் திறந்து, மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் வீடியோவை எடுத்துவிடுங்கள். புகைப்படத்தை வைஃபையில் மட்டும் விட்டுவைக்கலாம், பேரன் படம் தானாக வரவேண்டும் அல்லவா. பெரிய குழுக்களுக்கு மட்டும் மீடியா விசிபிலிட்டியை அணைத்துவிட்டால் குடும்பப் படங்களும் பார்வர்டுகளும் கேலரியில் கலக்காது.

மூன்றாவது கூகுள் போட்டோஸ். இதில் ஒரு பொறி உண்டு. பேக்கப் ஆன படத்தை அந்தச் செயலிக்குள் அழித்தால் போனிலும் போகும், இணையத்திலும் போகும். போனிலிருந்து மட்டும் போகவேண்டும் என்றால் ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்ற வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று, கூகுள் தரும் இலவச இடம் 15 ஜிபி. 2021 ஜூனிலிருந்து படங்களும், பிற்பாடு வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே கணக்கில்தான் கழிகின்றன. அது நிறைந்தால் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுவிடும். “பேக்கப் இருக்கு” என்று நம்பிக்கொண்டிருக்கும் பல போன்களில் கடைசித் தேதி ஒரு வருடம் பழையது.

இடம் ஒழிக்கிறேன் என்று விளம்பரத்தில் வரும் கிளீனர் செயலி எதையும் போடாதீர்கள். விளம்பரங்கள் பற்றிய பகுதியில் அது மறுபடி வரும்.

இவ்வளவுக்கும் அப்புறம் இடம் போதவில்லை என்றால் போன் சிறியது. மெமரி கார்டு கேமரா படங்களுக்கு உதவும், வாட்ஸ்அப்புக்கு உதவாது. 32 ஜிபி போனோடு மல்லுக்கட்டுவதைவிட அடுத்த போனை 128 ஜிபியில் வாங்குவதுதான் சரி.

## “சார்ஜ் ஏறல”

ஸ்விட்ச். சிரிக்காதீர்கள், நம் வீடுகளில் பிளக்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, பெருக்கும்போது அது அணைந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்றால் சுவரில் ஒன்று, பெட்டியில் ஒன்று.

அடுத்தது கேபிள். வீட்டில் நன்றாக ஏறும் இன்னொரு போனின் கேபிளைப் போட்டுப் பாருங்கள். ஏறினால் கேபிள் போச்சு. ஏறவில்லை என்றால் அடாப்டரை மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும், இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது பழுது என்று தெரியாது.

இரண்டும் நன்றாக இருந்தால், போனின் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். கேபிள் முழுதாக உள்ளே போய் ‘டக்’ என்று உட்காரவில்லை, லேசாகத் தொட்டாலே கழன்று வருகிறது என்றால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. அப்பாவின் போனில் அது எப்போதும் திருநீறு. சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலமும் போனும் ஒன்றாக இருக்கும். அம்மாவின் போனில் சேலை நூலும் கோலமாவும். கரிசல் மண் தூசி எல்லார் போனிலும். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியின் நுனியை இன்னும் மெல்லியதாகச் சீவிக்கொண்டு, சுவரை ஒட்டினாற்போல மெதுவாக வழித்தெடுங்கள். டைப்-சி துளையின் நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கிறது, அதை அசைக்கக் கூடாது. ஊக்கு, ஊசி, ஹேர்பின் வேண்டவே வேண்டாம். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் போகும். மூன்று வருடத்துத் திருநீறு கெட்டிப்பட்டு ஒரு சின்னத் தகடு மாதிரி வெளியே வந்ததைப் பார்த்த அப்பா, பொட்டலத்தை மறு பைக்கு மாற்றிக்கொண்டார்.

ஈரம் இருக்கிறது என்று போனே எச்சரித்தால் கேபிளைப் பிடுங்கிவிட்டு, துளை கீழே பார்க்கும்படி சாய்த்து மின்விசிறிக் காற்றில் வைத்துவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகும் ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறுகிறது என்றால் கடைக்காரர்கள் ‘சார்ஜிங் பின்’ என்று சொல்லும் பகுதி தளர்ந்திருக்கிறது. பல போன்களில் இது தனிச் சின்னப் பலகையில் இருப்பதால் செலவு குறைவு, அரைமணி நேர வேலை. அதற்கும் ஏறவில்லை என்றால் பேட்டரி. அதற்கும் இல்லை என்றால் “போர்டு” என்பார்கள். போர்டு என்ற வார்த்தை முதலிலேயே வந்தால் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு இன்னொரு கடையில் காட்டுங்கள்.

### ஏறுகிறது, ஆனால் சுடுகிறது அல்லது முதுகு உப்பியிருக்கிறது

சுடுவது மட்டும் என்றால் தலையணைக்கு அடியிலும் அடுப்பு மேடையிலும் வைத்துச் சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், கவரைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் எந்தப் போனும் கொஞ்சம் சுடத்தான் செய்யும்.

பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது, திரை ஓரம் பிளந்திருக்கிறது, மேசையில் வைத்தால் ஆடுகிறது என்றால் பேட்டரி உப்பிவிட்டது. இதில் நீங்கள் செய்துபார்க்க எதுவும் இல்லை. சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள். அணைத்து, துணியோ காகிதமோ இல்லாத தரையில் வைத்து, அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

## “நான் பேசுறது அவங்களுக்குக் கேக்கலையாம்”

பேசும்போது கன்னம் பட்டு மியூட் ஆகியிருக்கும். அழைப்பு நடக்கும்போதே திரையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அது இல்லை என்றால் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு குரல் செய்தி பதிந்து கேளுங்கள். தெளிவாக இருந்தால் மைக் நன்றாக இருக்கிறது, சிக்னல்தான் காரணம், மாடிப்படிக்குப் போய்ப் பேசினால் தெரியும். மங்கலாக இருந்தால் போனின் அடிப்பக்கம் இருக்கும் குண்டூசித் துளையைப் பாருங்கள். அதுதான் மைக். புதுக் கவர் அதை மூடியிருக்கும், அல்லது அதில் மாவு அடைத்திருக்கும். உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் மேலாகத் தேயுங்கள். உள்ளே எதையும் குத்தாதீர்கள். சிம் தட்டைத் திறக்கும் ஊசியை இந்தத் துளையில் விட்டு மைக்கைக் குத்திக் கெடுத்த போன்கள் இரண்டை நான் பார்த்திருக்கிறேன். சிம் துளைக்குப் பக்கத்தில் தட்டின் கோடு இருக்கும், மைக் துளைக்கு இருக்காது.

## “அவங்க பேசுறது எனக்குக் கேக்கல”

புளூடூத்தை அணையுங்கள். எங்கள் வீட்டில் பத்தில் ஆறு தடவை இதுதான். நான் ஊருக்கு வந்தபோது இணைத்துவிட்ட ஸ்பீக்கர் உள் அறையில் ஆனில் கிடக்கும், அத்தை பேசுவது பூட்டிய அறைக்குள் கேட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்து, பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தப் பொத்தானை அழுத்திக் கூட்டுங்கள். மணிச் சத்தம் வேறு, பாட்டுச் சத்தம் வேறு, பேச்சுச் சத்தம் வேறு. சும்மா இருக்கும்போது அழுத்தினால் பேச்சுச் சத்தம் கூடாது. ஸ்பீக்கரில் போட்டால் கேட்கிறது, காதில் வைத்தால் இல்லை என்றால் மேலே இருக்கும் வலையில் எண்ணெயும் தூசியும் அடைத்திருக்கிறது, அல்லது டெம்பர்டு கிளாஸ் அதை மறைக்கிறது. பல்துலக்கிக்கும் மசியவில்லை என்றால் கடை.

மணியே அடிக்கவில்லை என்றால் டூ நாட் டிஸ்டர்ப். திரையை மேலிருந்து இழுத்தால் தெரியும்.

## “பேசும்போது போன் இருட்டாப் போகுது, கட் பண்ண முடியல”

காதருகே வைத்தால் திரையை அணைக்கும் உணரி மேலே இருக்கிறது. அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கோ உயரமான டெம்பர்டு கிளாஸோ இருந்தால் போன் எப்போதும் காதருகே இருப்பதாகவே நினைக்கும். துடையுங்கள், தீரவில்லை என்றால் கிளாஸை உரித்துவிட்டுப் பாருங்கள். அதுவரைக்கும் அக்சசிபிலிட்டியில் பவர் பொத்தானால் அழைப்பைத் துண்டிக்கும் வசதியைப் போட்டுக் கொடுங்கள். அப்பாவுக்கு அது பிடித்துப்போய், உணரி சரியான பிறகும் அப்படியேதான் வைத்திருக்கிறார்.

## “ஓடிபி வரல”

சிலிண்டர் கொண்டுவந்த தம்பி வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் இது நடக்கும்.

ஏரோபிளேன் மோட் ஆனில் இருக்கிறதா பாருங்கள். ரீசார்ஜ் முடிந்து எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். முடிந்த சில நாளில் உள்வரும் எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடலாம். மெசேஜ் செயலியில் ஸ்பேம் அண்ட் பிளாக்ட் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள், வங்கிச் செய்தி அங்கே போய்க் கிடக்கும். எல்லாம் சரி என்றால், அந்த இடத்தில் பதிந்திருக்கும் எண் எது என்று கேளுங்கள். பத்து வருடம் முன்பு விட்டுவிட்ட எண்தான் கேஸ் புத்தகத்திலும் வங்கியிலும் இன்னும் இருக்கும். அதற்கு நேரில்தான் போகவேண்டும்.

புது சிம் வாங்கி ஒரு நாள்கூட ஆகவில்லை என்றால் காத்திருங்கள். சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும், மோசடியைத் தடுக்கத்தான்.

சிம்மை யாரும் மாற்றவில்லை, ரீசார்ஜும் இருக்கிறது, ஆனால் சிக்னல் முழுதாகச் செத்துக் கிடக்கிறது, பக்கத்தில் இருக்கும் அதே நிறுவன சிம்மில் சிக்னல் இருக்கிறது என்றால் ஒரு நிமிடமும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் எண்ணில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கலாம். வேறு போனிலிருந்து முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்துங்கள், அடுத்து சிம் நிறுவனம்.

## “நெட் வரல”

எல்லாப் போனிலும் வரவில்லையா, இந்த ஒரு போனில் மட்டுமா? இந்த ஒன்றில் மட்டும் என்றால் வைஃபை, டேட்டா இரண்டில் எது ஆனில் இருக்கிறது, அன்றைய டேட்டா அளவு தீர்ந்துவிட்டதா, தேதி சரியா என்று பார்த்துவிட்டு போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

எல்லாவற்றிலும் இல்லை என்றால் மோடத்தைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் கம்பியில் ஒளி வரவில்லை. வீட்டுக்குள் கம்பி கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் இணைப்புக்காரரை அழையுங்கள். ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. சிவப்பு இல்லை என்றால் மோடத்தை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள்.

## “தொட்டாலே விளம்பரமா வருது”

மேலே அறிவிப்புப் பட்டியில் “உங்கள் போனில் 13 வைரஸ்” என்று வருகிறதென்றால் அது வைரஸ் இல்லை. ஏதோ ஓர் இணையப் பக்கம் அனுமதி கேட்டபோது ஓகே அழுத்தியிருக்கிறார்கள். அந்த அறிவிப்பை அழுத்திப் பிடித்தால் எந்தத் தளம் என்று காட்டும், அங்கேயே அணைத்துவிடலாம்.

எதுவும் திறக்காமலே திரை முழுக்க விளம்பரம் வருகிறதென்றால் ஒரு செயலி செய்கிறது. விளம்பரம் திரையில் இருக்கும்போதே அண்மைச் செயலிகள் பொத்தானை அழுத்திப் பாருங்கள், எதிலிருந்து வந்தது என்று தெரியும். கிளீனர், டார்ச், பேட்டரி டாக்டர் மாதிரிப் பெயர்தான் இருக்கும். நீக்க விடவில்லை என்றால் போனை சேஃப் மோடில் (நாம் ஏற்றிய செயலிகள் ஓடாத முறை) போட்டு நீக்குங்கள். பல போன்களில் பவர் ஆஃப் என்ற எழுத்தை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் கேட்கும்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ வண்டி அபராதம் என்றோ வந்த கோப்பைத் திறந்த பிறகுதான் ஆரம்பித்தது என்றால் கோப்பின் பெயர் எப்படி முடிகிறது பாருங்கள். ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, செயலி. உடனே டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள், கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## “தண்ணில விழுந்திருச்சு”

அணையுங்கள். சிம் தட்டை வெளியே எடுங்கள். துடைத்து, துளை கீழே பார்க்கும்படி மின்விசிறிக்குக் கீழே ஒரு நாளாவது வையுங்கள். நன்றாக இருக்கிறதா என்று இடையில் ஆன் செய்து பார்ப்பதும் சார்ஜ் போடுவதும்தான் போனைக் கொல்லும். அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூள் உள்ளே போகும். கடல் தண்ணீர், சோப்புத் தண்ணீர் என்றால் காயும்வரை காத்திருக்காமல் கடைக்குப் போங்கள்.

## கடையில் கொடுக்கும் முன்

சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். போன் தொலைந்தாலும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்க அந்த எண்தான் வேண்டும். சார்ஜிங் பின் மாற்றவும் பேட்டரி மாற்றவும் திரைப்பூட்டு எண்ணைக் கொடுக்கத் தேவையில்லை. சில போன்களில் பழுதுபார்ப்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுத்தால் படமும் பேச்சும் அவர்களுக்குத் தெரியாது. “ரீசெட் பண்ணணும்னா எனக்குப் போன் பண்ணிட்டுப் பண்ணுங்க” என்று சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். இதை அத்தை இப்போது தானே சொல்லி எழுதி வாங்குகிறார்.

## “காசு போயிருச்சு”

### அனுப்பினேன், கழிந்துவிட்டது, அவருக்குப் போகவில்லை

மறுபடி அனுப்பாதீர்கள். செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து பெண்டிங்கா, ஃபெயில்டா என்று பாருங்கள். பெண்டிங் என்றால் காத்திருங்கள். தோற்றுப்போன யூபிஐ பணம், ஆளுக்கு அனுப்பியதென்றால் மறுநாளுக்குள்ளும், கடைக்கு அனுப்பியதென்றால் 5 நாளுக்குள்ளும் தானாகத் திரும்பவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதி. வராவிட்டால் அந்தப் பரிமாற்றத்தின் 12 இலக்கக் குறிப்பு எண்ணோடு வங்கிக் கிளைக்குப் போங்கள். உதவி எண்ணைக் கூகுளில் தேடி அழைக்க வேண்டாம், போலி எண்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. ஏடிஎம் அட்டையின் பின்பக்கம் இருப்பதுதான் எண்.

### யாரோ எடுத்துவிட்டார்கள்

போனை ஆராய்வதை விட்டுவிட்டு, இன்னொரு போனிலிருந்து 1930ஐ அழையுங்கள். இது நாடு முழுக்க உள்ள சைபர் மோசடி உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் சொன்னால் வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. உடனே வங்கிக்கும் சொல்லுங்கள். சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும் என்று ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது, அதனால் சொன்ன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகார் பதியுங்கள்.

வந்த எஸ்எம்எஸ், அழைத்த எண், அந்த ஏபிகே கோப்பு எதையும் அழிக்க விடாதீர்கள், புகாருக்கு எல்லாம் வேண்டும். “ஏம்மா இதைப் போய்த் தொட்டீங்க?” என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். திட்டு விழும் என்ற பயத்தில் பெரியவர்கள் சாயங்காலம்வரை சொல்லாமல் வைத்திருந்து, பணம் கை மாறிய பிறகு சொன்ன வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. அதற்கப்புறம் அம்மாவின் போனில் 1930ஐ ‘காசு போனா’ என்ற பெயரில் சேமித்து, அந்தச் சின்னத்தை முகப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.